கடலோரக் குளிர்மலை வெள்ளை ஒயினை வடசென்னை வீட்டில் பேணிப் பரிமாறும் முறை

அமெரிக்காவின் கூபர்ட்டினோவிலோ சான் ஹோசேயிலோ வேலை பார்க்கும் மகனோ மருமகளோ ஊருக்கு வரும்போது, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவரும் வெள்ளை ஒயின் பாட்டில், தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ உள்ள வீட்டை அடைந்ததும் பெரும்பாலும் ஷோகேஸின் மேல்தட்டில், பள்ளிக்கூடப் பரிசுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில், டியூப்லைட் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் நிறுத்தி வைக்கப்படுகிறது. சித்திரையும் வைகாசியும் அது அங்கேயே நின்றுவிட்டால், நல்ல நாள் பார்த்துத் திறக்கும்போது உள்ளே இருப்பது வெந்த ஆப்பிளின் மணமும் பழுப்பேறிய நிறமும் கொண்ட வேறொரு பானமாக இருக்கும். குளிர்ந்த கடலோர மலையில் விளைந்த வெள்ளை ஒயினுக்கு உயிர் அதன் புளிப்புதான். அந்தப் புளிப்பைக் குலையாமல் விமான நிலையத்திலிருந்தோ கடையிலிருந்தோ சாப்பாட்டு மேசைவரை கொண்டுசேர்ப்பது எப்படி என்பதையே இங்கே சொல்கிறேன். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கும், வண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கும், மருந்து உட்கொள்பவர்களுக்கும், கருவுற்றிருப்பவர்களுக்கும் இது உரியதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், பின்னால் வரும் முறைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சாண்டா குரூஸ் மலைத்தொடரை எடுத்துக்கொள்வோம். அது கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் நடுவே நீள்கிறது. 1981-இல் அமெரிக்க அரசு இதைத் தனியொரு திராட்சை வட்டாரமாக அங்கீகரித்தபோது, எல்லையை உயரத்தை வைத்து வரையறுத்தது: கடலைப் பார்த்த சரிவில் 400 அடிக்கு மேலும், உள்நாட்டுப் பக்கச் சரிவில் 800 அடிக்கு மேலும் உள்ள நிலமே அந்தப் பெயருக்கு உரியது. கடலிலிருந்து எழும் மூடுபனி எதுவரை ஏறுகிறது என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. கூபர்ட்டினோவுக்கு மேலே மான்டே பெல்லோ முகட்டில் உள்ள ரிட்ஜ் நிறுவனத்தின் தோட்டம் சுமார் 1,300 அடியிலிருந்து 2,700 அடிவரை ஏறிச் செல்கிறது. சாரடோகாவுக்கு மேலே உள்ள மவுண்ட் ஈடன் தோட்டம் ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டிலும் ஷார்டனே என்னும் வெள்ளைத் திராட்சை விளைகிறது. மெல்லிய மலைமண்ணில் கொடி குறைவாகவே காய்க்கும். ஆகவே இத்தகைய தோட்டங்களில் ஓர் ஆண்டில் கிடைக்கும் பாட்டில்களும் குறைவு, விலையும் அதிகம்.

திராட்சையில் இரண்டு அமிலங்கள் முதன்மையானவை. ஒன்று டார்டாரிக் அமிலம். நம் சமையலறைப் புளியில் இருப்பதும் அதுவே. மற்றொன்று ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம். பழுக்கும் பருவத்தில் திராட்சை தன் சுவாசத்துக்காக மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. வெயில் கூடக்கூட அந்தச் செலவும் வேகமாகிறது. வெப்பமான சமவெளியில் சர்க்கரை விரைந்து ஏறிப் புளிப்பு விரைந்து இறங்கிவிடும். குளிர்ந்த மலையில் பழம் மெதுவாகப் பழுப்பதால், மணம் திரளும் வரையில் புளிப்பும் காத்திருக்கிறது. இதில் கடலின் பங்கு உப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரும்பங்கு குளிர்ச்சிதான். ஆழத்து நீர் மேலெழுவதால் வட கலிபோர்னியக் கரையில் கோடையிலும் கடல்நீரின் வெப்பம் 11 முதல் 15 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. நம் வங்கக் கடலின் மேற்பரப்போ ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரியைச் சுற்றியே இருக்கும். காசிமேட்டில் மாலை வீசும் காற்று நம் வியர்வையை ஆற்றும். திராட்சையின் புளிப்பைக் காக்க அது போதாது.

ஸ்பெயினின் வடமேற்கில் ரியாஸ் பைஷாஸ் பகுதியின் அல்பரீன்யோ, சிலியின் காசாபிளாங்கா, லெய்டா பள்ளத்தாக்குகளின் சாவிஞோன் பிளாங்க், தென்னாப்பிரிக்காவின் ஹெமல்-என்-ஆர்டே ஷார்டனே ஆகிய வெள்ளை ஒயின்களும் இதே வகையைச் சேர்ந்தவை. மலையின் உயரம் இடத்துக்கு இடம் மாறினாலும், குளிர்ந்த கடலின் அருகாமை எல்லாவற்றுக்கும் பொது. இங்கே சொல்லும் முறைகள் அவற்றுக்கும் பொருந்தும்.

கிடைக்கும் வழிகள் இரண்டு. வெளிநாட்டிலிருந்து வருபவர் சுங்கவரியின்றி இரண்டு லிட்டர் வரை மது கொண்டுவரலாம். அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. வரும் உறவினரிடம் சொல்லிவிடுவதானால், பாட்டிலின் மேல் வட்டாரப் பெயருடன் ‘எஸ்டேட் பாட்டில்ட்’ என்ற சொற்களும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்க விதிப்படி அந்தச் சொற்களை இடுவதற்கு, திராட்சை முழுவதும் அந்த நிறுவனத்தின் சொந்த நிலத்திலோ அதன் பொறுப்பில் உள்ள நிலத்திலோ விளைந்திருக்க வேண்டும். பிழிவது முதல் பாட்டிலில் அடைப்பது வரை அதே இடத்தில் நடந்திருக்க வேண்டும். வெறும் வட்டாரப் பெயர் மட்டும் இருந்தால் 85 சதவீதத் திராட்சை அங்கே விளைந்ததாக இருந்தாலே போதும். சிறு தோட்டத்தின் தனிச்சுவையை நாடுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

மற்றொரு வழி டாஸ்மாக்கின் எலைட் கடைகள். இறக்குமதி ஒயினுக்கு இந்தியா நீண்டகாலமாக 150 சதவீதச் சுங்கவரி விதித்துவந்தது; அதற்கு மேல் மாநில வரிகளும் சேர்வதால், வெளிநாட்டில் நடுத்தர விலையில் விற்பது இங்கே ஆடம்பரப் பொருளாகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்தபின், பாட்டிலுக்கு 5 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட அந்நாட்டு ஒயின்களின் வரி 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேற்பட்டவற்றின் வரி 75 சதவீதமாகவும் இறங்கி, பத்தாண்டுகளில் மேலும் படிப்படியாகக் குறையுமாறு வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே கடையில் வாங்குபவர்கள் டாஸ்மானியா போன்ற குளிர்ந்த கடலோரப் பகுதியின் பெயர் தென்பட்டால் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

கையில் எடுத்ததும் விலையை விட்டுவிட்டு முதலில் கழுத்தைப் பாருங்கள். கார்க் சற்றே வெளியே தள்ளியிருந்தாலும், மேலுறையின் விளிம்பில் பிசுபிசுப்போ காய்ந்த கறையோ இருந்தாலும், அந்தப் பாட்டில் எங்கோ ஒரு கிடங்கிலோ லாரியிலோ வெந்திருக்கிறது என்று பொருள்: வெப்பத்தில் உள்ளிருக்கும் திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது. இரண்டாவது, ஆண்டு. விளைந்து நான்காண்டுக்கு மேல் ஆன வெள்ளை ஒயினை நம் ஊர்க் கடையில் வாங்குவது வீண் துணிச்சல் என்பது என் கருத்து. ஒயின் பழையது என்பதைவிட, அந்த ஆண்டுகளில் எத்தனையை அது குளிர்ச்சியில்லாத அலமாரியில் கழித்தது என்பதுதான் கேள்வி. மூன்றாவது, கண்ணாடியின் நிறம். நிறமற்ற பாட்டிலில் உள்ள ஒயினில் வெளிச்சம் பட்டால், அதிலுள்ள ரைபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் கந்தகச் சேர்மங்களுடன் வினைபுரிந்து அவிந்த முட்டைக்கோஸ் வாடையைத் தோற்றுவிக்கும். பச்சை அல்லது பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவருவதிலும் கவனம் தேவை. டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறக்கின்றன என்பதற்காக உச்சி வெயிலில் வாங்கி, ஸ்கூட்டர் இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியில் போட்டுக்கொண்டு, எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால், அடியில் என்ஜின் சூடும் மேலே வெயிலும் சேர்ந்து அரை நாள் வெப்பத்தை அரை மணியில் கொடுத்துவிடும். மாலையில் வாங்குங்கள், தோள்பையில், ஈரத் துண்டு சுற்றி, கொண்டுவாருங்கள்.

வீட்டில் வைக்கும் இடம் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒயினைச் சேமிக்க 12 முதல் 14 டிகிரி ஏற்றது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மே மாதம் இரவிலும் 32 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நம்மில் பலருக்குத் தெரிந்த அனுபவம். ஏசி அறையில் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரவு 24 டிகிரியும், ஏசியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனபின் பகலில் 35 டிகிரியுமாக நாள்தோறும் ஏறி இறங்குவது, சீராக 28 டிகிரியில் இருப்பதைவிடக் கெடுதல். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் திரவம் விரிந்து சுருங்கி, கார்க்கின் ஓரமாகச் சிறிது காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பீரோவுக்குள் வைப்பவர்கள் அங்கே இருக்கும் நாப்தலின் உருண்டைகளை நினைவில் கொள்ளட்டும். மண்பானைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்கலாம் என்ற யோசனை கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கடலோரத்தில் பயன்படாது: பானை குளிர்வது நீர் ஆவியாவதால்; காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும் நம் கோடையில் பானைநீர் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது.

ஆக, ஒன்றிரண்டு பாட்டில் மட்டுமே உள்ள வீட்டுக்கு ஃபிரிட்ஜின் அடித்தட்டே சரியான இடம். கதவில் வைக்காதீர்கள், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் குலுங்கும், வெப்பமும் படும். காய்கறிப் பெட்டியில், கார்க் உள்ள பாட்டிலைப் படுக்கை வாட்டில் வையுங்கள். கார்க் நனைந்தே இருந்தால்தான் காய்ந்து சுருங்காது. திருகுமூடி என்றால் நிற்க வைத்தாலும் பாதகமில்லை. கருவாடு வைத்திருக்கும் ஃபிரிட்ஜ் என்றால் கருவாட்டை மூடி இறுகிய டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். மின்வெட்டு நேரத்தில் கதவைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் குளிர் தாங்கும். இப்படிச் சில மாதங்கள் வைத்திருக்கலாம். மவுண்ட் ஈடன் போன்ற தோட்டங்களின் ஷார்டனே நல்ல நிலவறையில் பத்தாண்டுக்கு மேல் முதிரக்கூடியது என்பது உண்மைதான்; அந்த முதிர்ச்சியை நம் வீட்டில் முயல வேண்டாம். ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி வாங்குவதும் ஆண்டுக்கு இரண்டு பாட்டில் திறப்பவருக்குத் தேவையற்ற செலவு. பயணம் முடிந்து வந்த பாட்டிலை ஒரு வாரம் அசைக்காமல் வைத்துவிட்டு, பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிடுங்கள்.

பரிமாறும்போது எவ்வளவு குளிர்ச்சி என்பதில் நம்மவர்கள் பீர் பழக்கத்தால் தவறுகிறார்கள். ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் மணம் அடங்கிப் புளிப்பு மட்டும் பல்லில் கூசும். 18 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹாலின் காரம் முன்னே வந்து நிற்கும். மர பீப்பாயில் வளர்ந்த ஷார்டனேவுக்கு 10 முதல் 13 டிகிரியும், அல்பரீன்யோ, சாவிஞோன் பிளாங்க் போன்றவற்றுக்கு 7 முதல் 10 டிகிரியும் பொருத்தம். ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருக்கும் பாட்டிலானால், பரிமாறுவதற்கு அரை மணிக்கு முன்பு வெளியே எடுத்தால் போதும். எடுத்த இரண்டாம் நிமிடமே பாட்டில் வியர்க்கும். காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படியும்போது தன் வெப்பத்தையும் அதற்குக் கொடுத்துவிடுவதால், வறண்ட ஊரைவிட நம் ஊரில் பாட்டில் விரைவாகச் சூடேறுகிறது. ஒரு காய்ந்த துண்டைச் சுற்றிவிட்டால் சூடேறுவது தாமதமாகும், கையும் வழுக்காது.

அறை வெப்பத்தில் உள்ள பாட்டிலை அவசரமாகக் குளிர்விக்க வேண்டுமானால், ஃபிரிட்ஜுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அதைவிட, ஓர் எவர்சில்வர் வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள்; அரை மணி போதும். ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நிற்கும், குளிர் பரவாது. இரண்டு கைப்பிடி கல்லுப்பைப் போட்டால் குல்ஃபிக்காரர் செய்வதைப் போலவே குளிர் இன்னும் கீழே இறங்கும். அப்போது கால் மணியில் எடுத்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டால் ஒயின் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளும், சில வேளை பாட்டிலே உடையும்.

திறந்ததும் கார்க்கின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். சில வேளை அங்கும், பாட்டிலின் அடியிலும், சிறு சிறு படிகங்கள் மினுங்கும். உடைந்த கண்ணாடி என்று பதறி ஊற்றிவிட்டவர்கள் உண்டு, சர்க்கரை என்று நினைத்தவர்களும் உண்டு. குளிரில் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்துடன் சேர்ந்து படிவது அது. விரலால் தேய்த்தால் நறநறக்கும், நாக்கில் வைத்தால் புளிக்கும், உடம்புக்குத் தீங்கில்லை. புளிப்பு மிகுந்த ஒயினில்தான் அது அதிகம் படியும் என்பதால் எனக்கு அதைக் கண்டால் மகிழ்ச்சியே. மாறாக, மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய வழியில்லை.

எவர்சில்வர் டம்ளரைத் தவிருங்கள். நிறமும் தெரியாது, வாய் அகலமானதால் மணமும் நிற்காது. நடு அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை வேண்டும். போர் தண்ணீரில் கழுவிய கோப்பையில் உப்புப் பூத்த வெள்ளைத் தடம் இருக்கும். கடைசியாக ஒரு முறை கேன் தண்ணீரில் அலசித் துணியால் துடையுங்கள். நூறு மில்லிக்கு மேல் ஒரே முறையில் ஊற்ற வேண்டாம், குடிப்பதற்குள் சூடேறிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மணம் மூக்கை அடையும் முன்பே போய்விடும். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் எரியும் அறையில் எந்த ஒயினும் கொசுவர்த்தியாகவே மணக்கும். மாலை விளக்கேற்றி, ஊதுவத்தி அணைந்து, சன்னலைச் சற்று நேரம் திறந்து வைத்தபின் தொடங்குவது நல்லது.

இராயபுரத்திலும் பெரம்பூரிலும் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஊறவைத்த இனிப்பான திராட்சை ஒயினைச் சுவைத்து வளர்ந்த பெரியவர்களுக்கு, இந்த ஒயினின் முதல் மிடறு முகத்தைச் சுளிக்க வைக்கும். இதில் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாறியிருக்கும். “சித்தி, இது இனிக்காது, எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் போல இருக்கும், முதலில் ஒரு வாய் மீன் சாப்பிட்டுவிட்டுக் குடித்துப் பாருங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

உணவைப் பொறுத்தவரை ஒரு விதி போதும்: தட்டில் உள்ள புளிப்பு கோப்பையில் உள்ள புளிப்பை மிஞ்சக் கூடாது. மீன்குழம்பில் கரைத்த புளியிலும் ஒயினிலும் இருப்பது ஒரே அமிலம் என்பதால் அவை ஒத்துப்போகும் என்று தோன்றலாம், நடப்பது வேறு. குழம்பின் கெட்டியான புளிப்புக்கு முன்னால் ஒயின் தண்ணீராகச் சப்பென்று ஆகிவிடும். காரமும் அப்படியே: மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும், மர பீப்பாயின் சுவை கசப்பாக மாறும். ஆகவே சிவக்கச் சிவக்க மிளகாய்த்தூள் பூசிய வறுவல் அன்றைக்கு வேண்டாம்.

காசிமேட்டில் விடியற்காலையில் கிடைக்கும் வஞ்சிரத்தையோ கிழங்கானையோ மஞ்சள், உப்பு, மிளகு, பூண்டு மட்டும் தடவி, தோசைக்கல்லில் குறைந்த எண்ணெயில் வாட்டி எடுங்கள். எலுமிச்சையைப் பிழியாதீர்கள், அந்த வேலையை ஒயின் செய்யும். சுறாப் புட்டு இதற்கென்றே அமைந்ததோ என்று எண்ணுமளவுக்குப் பொருந்துகிறது: பூண்டும் வெங்காயமும் உண்டு, புளி இல்லை, உதிரியான மீனின் வறட்சியை ஒயின் நீக்குகிறது, பச்சை மிளகாயை மட்டும் பாதியாகக் குறையுங்கள். வெண்ணெய் மணம் உள்ள ஷார்டனேவுக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த இறாலும் நண்டும் ஏற்றவை. அந்த மணத்துக்குக் காரணம், நொதித்தலுக்குப் பின் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரின் அமிலமாக, மாற்றும்போது உடன் உண்டாகும் ஒரு பொருள். சைவர்கள் நெய் மணக்கும் வெண்பொங்கலைத் தேங்காய்ச் சட்டினியோடு முயலலாம். சாம்பார் பக்கத்தில் வரக் கூடாது. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் விற்கும் பர்மிய நூடுல்ஸான அத்தோவை வாங்கிவருவதானால் புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் இல்லாமல் கேட்டு வாங்கி, அல்பரீன்யோவுடன் வையுங்கள். பொரித்த பூண்டும் எண்ணெயும் அதற்கு நன்றாகவே அமையும்.

மிஞ்சியதை அதே பாட்டிலில் அரைகுறையாக விட்டுவைக்காமல், நன்றாகக் கழுவிக் காயவைத்த சிறு பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் சுவை தாங்கும். காற்றுக்கு இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதற்கு மேல் ஆனதைக் குடிக்க வேண்டாம், சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்: இறாலைப் பூண்டோடு வதக்கி எடுத்தபின் வாணலியில் ஒட்டியிருக்கும் காந்தலின் மேல் கால் கப் ஊற்றிப் பாதியாகச் சுண்டவிட்டு, ஒரு கரண்டி வெண்ணெய் சேர்த்து இறாலின் மேல் ஊற்றுங்கள். இரும்பு வாணலி வேண்டாம், புளிப்பு பட்டுக் கறுத்துவிடும். வினிகர் நெடி ஏறிவிட்டிருந்தால் சமையலுக்கும் அது உதவாது.